நாலு பேருக்குச் சமைக்கத் தெரியாத ஐம்பது சகன்

தனக்கென்று ஒரு டம்ளர் டீ போட்டுக் குடிக்கத் தெரியாத சமையல்காரர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஊர் ஐம்பது சகன். சந்தேகமிருப்பவர்கள் கோட்டைப்பட்டினம் வந்து விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் கண்ணில் மட்டும் பட்டுவிடாதீர்கள். பட்டால், அவர் சாப்பிட வைக்கிற சாப்பாட்டில் திரும்பும்போது உங்களால் பஸ் படி ஏற முடியாது.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். அதனால் மெதுவாகத்தான் சொல்வேன். அவசரக்காரர்கள் அடுத்த பக்கத்து ராசிபலனைப் பார்த்துவிட்டு வரலாம். நான் இங்கேதான் இருப்பேன்.

சகன் என்றால் என்னவென்று கேட்பீர்கள். எங்கள் கடற்கரைப் பக்கத்துக் கல்யாணங்களில் ஆளுக்கொரு இலை போடும் வழக்கம் கிடையாது. அகலமான ஒரு தட்டில் சோற்றைக் குவித்து, கறியை வைத்து, நாலு பேரைச் சுற்றி உட்கார வைத்துவிடுவோம். அந்தத் தட்டுக்குத்தான் சகன் என்று பேர். நாலு பேரில் ஒருவர் கோடீஸ்வரராக இருப்பார், ஒருவர் வலை பின்னுகிறவராக இருப்பார். கை எல்லாம் ஒரே தட்டில்தான். ஆகவே விருந்துக்கு எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை சகன் என்பதுதான் கேள்வி. அதைச் சமைக்கிறவருக்குப் பண்டாரி என்று பேர்.

எங்கள் பண்டாரிக்கு அவருடைய அத்தா, அதாவது அப்பா, ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் மட்டும்தான் உயிரோடிருந்தது. ஊர் அவருக்கு வேறு பேர் வைத்த கதை இது. பெரிய வீட்டுக்காரர் ஒருவர், பேரனுக்குப் பேர் வைக்கிற விருந்துக்கு ஆள் பிடிக்க வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

“எத்தன சகன்ங்க?” என்றார் பண்டாரி.

“எட்டு வரும் பண்டாரி. நம்ம வீட்டு ஆளுக மட்டுந்தான்.”

“எட்டா? அதுக்கு எதுக்குங்க நானு? ஒங்க வீட்டம்மாவ எழுப்பி விடுங்க. அம்பது சகனுக்குக் கொறஞ்சா எனக்குக் கை ஓடாது.”

வந்தவர் இதைத் திமிர் என்று நினைத்துக்கொண்டு போனார். ஊரும் அப்படித்தான் நினைத்தது, அன்றிலிருந்து பேரும் ஒட்டிக்கொண்டது. அது திமிர் இல்லை, சத்தியமான உண்மை என்பது அவருடைய மனைவி ஜமீலாவுக்கும் எனக்கும்தான் தெரியும்.

ஜமீலாவுக்கு ஒருநாள் காய்ச்சல். “ஒரு டம்ளர் டீ மட்டும் போட்டுத் தாங்க” என்று படுத்தபடியே கேட்டிருக்கிறாள். இவர் அடுப்படிக்குள் போனார். வெகுநேரம் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்காவை எங்கள் பக்கம் ராத்தா என்போம்; நான் அவருக்கு ராத்தா.

“ராத்தா, ஒங்க வீட்டுப் பெரிய குண்டாவைக் கொஞ்சம் குடுங்க.”

“எதுக்கு பண்டாரி?”

“டீ வழியுது.”

அன்றைக்கு எங்கள் தெரு முழுக்க டீ. மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏலத்தை நிறுத்திவிட்டு வந்து குடித்தார்கள். பஸ் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள். ஜமீலாவின் கைக்கு டம்ளர் வந்தபோது அவளுக்குக் காய்ச்சலே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் தன் வீட்டு அடுப்படி நிலைப்படியைத் தாண்டக்கூடாது என்று அவள் சட்டம் போட்டாள். ஊருக்கே சமைத்துப் போட்டவர் சொந்த வீட்டில் வாசலில் நின்று தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், வெங்காயம். அவருடைய கூட்டத்தில் வெங்காயம், இஞ்சி, பூண்டு எல்லாம் என் பொறுப்பு. எனக்குக் கீழே வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் அழுதுகொண்டேதான் உரிப்பார்கள். நான் மட்டும் அழுததில்லை. வெங்காயத்துக்கு என்னைக் கண்டால் பயம். ஐம்பது சகன் பிரியாணி என்று ஊர் புகழ்ந்ததில் பாதி என் வெங்காயத்துக்குச் சேர வேண்டியது. இதை நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். “பாதி எதுக்கு ராத்தா, முக்காலாவே வச்சுக்கங்க. கெட்ட பேரு வந்தா அதையும் அதே கணக்குல வாங்கிக்கங்க” என்பார்.

சட்டியை அவர் சட்டி என்று சொல்லமாட்டார். மாப்பிள்ளை என்பார். அரிசியைப் போட்டு, மூடியின் ஓரத்தை மாவால் அடைத்து, மேலே தணலை அள்ளி வைத்துத் தம் போட்டுவிட்டால், அவர் சொல்கிற நேரம் வரைக்கும் யாரும் மூடியைத் தொடக்கூடாது. நேரத்துக்கு முன்னால் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தால் கல்யாணம் கெட்டுப்போகும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். அவர் உப்பு ருசி பார்த்தும் நான் கண்டதில்லை. தள்ளி நின்று, கைப்பிடி உப்பை வீசி எறிவார். அது சட்டிக்குள் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழும்.

ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அத்தா சவுதியிலிருந்து வந்திருந்தார். அங்கேயே தங்கிவிட்ட தன் தம்பிக்குக் காட்டுவதற்காக, போனில் படம் பிடித்துக்கொண்டே வந்து, தம்மில் இருந்த சட்டியின் மூடியைத் தூக்கிவிட்டார். பண்டாரி கையிலிருந்த சட்டுவத்தைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

ஆட்கள் பின்னாலேயே ஓடினார்கள்.

“பண்டாரி, வாங்க. ஜனம் ஒக்காந்துருச்சு.”

“நேரத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை மொகத்தப் பாத்துட்டாருல்ல? மிச்சக் கல்யாணத்தையும் அவரே நடத்திக்கட்டும்.”

பஸ் வந்தது, ஏறிவிட்டார். மோட்டார் சைக்கிளில் விரட்டிப் போய் மீமிசலுக்கு முன்னால் பஸ்ஸை மறித்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். வந்தவர், பெண்ணின் அத்தா தன்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தபோது நகர்ந்துகொண்டார். “எங்கிட்ட எதுக்குங்க? அங்கிட்டுக் கேளுங்க” என்று சட்டியைக் காட்டினார். பட்டுச் சட்டை போட்ட அந்த மனுஷர், சம்பந்திகள் பார்க்க, பிரியாணிச் சட்டியிடம் மன்னிப்புக் கேட்டார். படம் பிடித்த போன் அணைக்கப்படவில்லை. சவுதியிலிருந்த தம்பி அதையும் பார்த்தாராம்.

இப்படிப்பட்டவர் என்றாலும் தோள் எலும்புக்கு இதெல்லாம் தெரியுமா? சட்டுவம் என்பது அவர் உயரத்துக்கு இருக்கும் இரும்புக் கரண்டி. அதை வைத்துக் கிண்டிக் கிண்டியே வலது தோள் தேய்ந்துபோனது. ஒரு விருந்தின் நடுவில் கை அப்படியே நின்றுவிட்டது. இனிமேலும் இந்த வேலையைச் செய்தால் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை செய்யாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. கல்யாணமில்லாத மாதங்களிலேயே அது அரைகுறையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில் தலைமைச் சமையல்காரர் வேலை காலியாக இருந்தது. கிண்டுவதற்கும் தூக்குவதற்கும் ஆட்கள் உண்டு, இவர் நின்று சொன்னால் போதும். மாதச் சம்பளம், இருக்க வீடு. விடுதியின் வார்டன் அம்மா எங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றில் சாப்பிட்டவர். இவர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆனால் கையில் ஒரு சான்றிதழ் இல்லாமல் கமிட்டி ஒத்துக்கொள்ளாது என்றும் சொல்லிவிட்டார். கேட்டரிங் படித்த ஒரு பையன் வரிசையில் நிற்கிறானாம். கல்லூரி திறப்பதற்குள் சான்றிதழ் வர வேண்டும்.

அதற்கும் வழி இருந்தது. பள்ளிக்கூடம் போகாமல், வேலை செய்தே தொழில் கற்றவர்களை வரவழைத்து, சில நாள் பாடம் சொல்லிக் கொடுத்து, ஒரு பரீட்சை வைத்து, ‘இவருக்கு இந்தத் தொழில் தெரியும்’ என்று அரசாங்கமே எழுதித் தருகிறதாம். எனக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. அவருக்குச் சமைக்கத் தெரியும் என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஊரே சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாதாம்.

பண்டாரி பாடம் படிக்கப் போனார். திரும்பி வந்த முதல் நாள் அவரைப் பார்க்க வேண்டும். தலையில் எப்போதும் போடும் தொப்பி, அதற்கு மேல் அவர்கள் கொடுத்த வெள்ளைத் தொப்பி. “தொப்பிக்கு மேல தொப்பியா?” என்றேன். “கீழ உள்ளது அல்லாவுக்கு, மேல உள்ளது அரசாங்கத்துக்கு” என்றார். பச்சைக் கறி வெட்டுகிற பலகையில் காய்கறி வெட்டக்கூடாது என்று அங்கே சொல்லிக் கொடுத்தது அவர் மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. மறுநாள் என் அரிவாள்மணையைப் பார்த்து, “ராத்தா, இதுல மீனும் அரியிறீங்க, வெண்டிக்காயும் அரியிறீங்க” என்று போலீஸ்காரர் மாதிரி நின்றார். அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் அதில் இரண்டையும் அரிகிறேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட கோபத்தில் அந்தச் சான்றிதழே வேண்டாம் என்று அல்லாவிடம் கையேந்தி துஆ செய்திருப்பேன். ஜமீலாவை நினைத்து விட்டுவிட்டேன்.

பாடம் முடிகிற சமயத்தில் ஒருநாள் முகம் வெளிறிப்போய் வந்து என் வீட்டில் உட்கார்ந்தார்.

“பரீட்சையில என்ன சமைக்கணும்னு சொல்லிட்டாங்க ராத்தா. கோழி பிரியாணி.”

“அதுக்கு ஏன் மொகம் இப்பிடி இருக்கு?”

“நாலு பேருக்காம்.”

“நாலு சகனா?”

“நாலு பேருக்கு ராத்தா. வெறும் நாலு பேரு.”

நானும் உட்கார்ந்துவிட்டேன்.

ஜமீலா தன் அடுப்படிக்குள் அவரை விடமாட்டாள். அதனால் ஒத்திகை என் வீட்டில். என் கேஸ் அடுப்புக்கு முன்னால் அவர் நின்ற லட்சணத்தைச் சொல்ல வேண்டும். விறகு நெருப்பின் அனலுக்குத் தள்ளித் தள்ளியே நின்று பழகியவர், அந்தச் சின்ன அடுப்புக்கும் எட்டடி தள்ளிச் சுவரோடு ஒட்டி நின்றார். அங்கேயிருந்தே கைப்பிடி உப்பை வீசினார். பாதி என் அடுப்படித் தரையில் விழுந்தது, மீதி சட்டியில். எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் கடலை வாய்க்குள் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். கோழிகளுக்குக் கொட்டினேன். அவை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது முறை குக்கரில் வைத்தார். அரிசியைப் போட்டு மூடினார். நான் தொழுதுவிட்டு வருவதற்குள், கொட்டாங்கச்சியைக் கொளுத்தித் தணலாக்கி, குக்கர் மூடிக்கு மேல் அள்ளி வைத்திருக்கிறார்.

“என்னா பண்டாரி இது?”

“தம் ராத்தா.”

“விசில் எங்க?”

“இங்கதான் இருந்துச்சு.”

விசிலும் கைப்பிடியும் உருகி, குக்கர் பார்ப்பதற்கு ஒரு பெரிய மெழுகுவர்த்தி மாதிரி இருந்தது. அது என் மகள் துபாயிலிருந்து வாங்கி வந்த குக்கர். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு நான் பட்ட பாட்டுக்கே எனக்கொரு சான்றிதழ் தர வேண்டும்.

மூன்றாவது முறை பயந்து பயந்து போட்டதில் எல்லாமே குறைந்து, நோயாளிக்கு வடித்த கஞ்சி மாதிரி ஆனது. இப்படியே ஒவ்வொன்றாகக் கெட்டது. ஜமீலா வந்து பார்த்தாள். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. என்னை முற்றத்துக்கு இழுத்துப் போனாள்.

“ராத்தா, இந்த வேல கெடைக்கலன்னா இவரு மறுபடி சட்டுவத்தத் தூக்கிருவாரு. டாக்டரு சொன்னத நீங்களுந்தானே கேட்டீங்க. கை போயிரும் ராத்தா.”

“பாஸ் பண்ணிருவாரு, நீ போ” என்றேன். உள்ளே தரையில் சிந்திய உப்பைப் பெருக்கிக்கொண்டிருந்த மனுஷரைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை இல்லை. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்றும் இருந்தது. பரீட்சை வைக்க வருகிறவர் மூடியைத் திறந்தால் இவர் என்ன செய்வார்?

பரீட்சை நாளன்று நானும் கூடப் போனேன். விட்டால் மனுஷர் அறந்தாங்கியிலேயே இறங்கித் திரும்பி வந்துவிடுவார் என்ற பயம். வேண்டாம் என்று சொல்லச் சொல்லச் சட்டுவத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார். அது கையில் இல்லாவிட்டால் சட்டைக்குப் பட்டன் போடாத மாதிரி இருக்குமாம். கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

“துடுப்பு இருக்கு பாய். படகு எங்க?”

“படகு புதுக்கோட்டையில நிக்குது. நீ டிக்கெட்டக் குடு” என்றேன் நான். பண்டாரி சட்டுவத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

புதுக்கோட்டையில் ஒரு பயிற்சி நிலையம், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே. பரோட்டா மாஸ்டர் ஒருவர், டீக்கடைக்காரர் ஒருவர், மெஸ் நடத்துகிற அம்மா ஒருவர் என்று இன்னும் சிலர் வந்திருந்தார்கள். திருச்சியிலிருந்து பரீட்சை அதிகாரி வந்திருந்தார். கண்ணாடி போட்ட ஒரு அம்மா, அதட்டாத குரல். நடப்பதையெல்லாம் படம் பிடிக்க ஒரு ஆள் கேமராவோடு நின்றார். நான் பின்னால் பெஞ்சில் உட்காரலாம், ஆனால் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் போய்.

முதலில் வாய்க்கேள்வி. பலகைக் கேள்வி வந்ததும் பண்டாரி வெளுத்து வாங்கினார். என் அரிவாள்மணையைப் பற்றியும் அங்கே சொல்லிவிட்டார். அடுத்தது நெருப்பு.

“கேஸ் கசியுது, வாசனை வருது. என்ன செய்வீங்க ஐயா?”

“வெளிய ஓடிருவேம்மா.”

“மத்தவங்க?”

“அவங்க எனக்கு முன்னாடியே ஓடிருப்பாங்க.”

அந்த அம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பிறகு, ரெகுலேட்டரை மூட வேண்டும், ஜன்னலைத் திறக்க வேண்டும், சுவிட்சைத் தொடக்கூடாது என்று நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். பண்டாரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவர் வாழ்நாளெல்லாம் விறகோடு இருந்தவர்; அவருக்கு இது புதிதுதான்.

பிறகு சமையல். எல்லோரும் அவரவர் அடுப்பில் ஆரம்பித்துவிட்டார்கள். பரோட்டா மாஸ்டர் மாவை அடித்து வீசிக்கொண்டிருந்தார். எங்கள் பண்டாரி ஒரு சின்னச் சட்டிக்கு முன்னால், அரிசியையும் தராசையும் பார்த்தபடி மரம் மாதிரி நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அதிகாரி அம்மா ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். பண்டாரி திரும்பி என்னைப் பார்த்தார். நான் பேசக்கூடாது. எனக்கோ பதற்றம் வந்தால் பசி வந்துவிடும்.

வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போயிருந்தேன். சாப்பிடுவதற்கு எங்கள் கூட்டத்துச் சகனையே பையில் வைத்திருந்தேன். கூட்டத்துச் சகன் என்பது இதுதான்: ஊரெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு, பண்டாரியும், நானும், விறகு தள்ளுகிறவரும், சட்டி கழுவுகிறவரும் கடைசியாக ஒரு சகனைச் சுற்றி உட்காருவோம். அதற்கான சோற்றைச் சட்டியின் அடியில் அவரே கண்ணால் பார்த்து நிறுத்தி வைப்பார். நாலு பேருக்கு அது மிஞ்சியதும் கிடையாது, பற்றாமல் போனதும் கிடையாது.

நான் சகனை எடுத்து மடியில் வைத்துப் பொட்டலத்தைப் பிரித்தேன். பண்டாரியின் கண் அந்தத் தட்டில் வந்து நின்றது. ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வந்து, தட்டை என் மடியிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டார். புளிச்சோற்றுப் பொட்டலம் என் கையிலேயே நின்றது. அவருக்கு ஞாபகப்படுத்தத்தான் நான் யோசித்துத் தட்டை எடுத்தேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே நம்பிக்கொள்ளுங்கள்.

“இத வச்சுக்கலாமாம்மா?” என்று அதிகாரியிடம் கேட்டார்.

“தட்டுதானே? கழுவிட்டு வச்சுக்கங்க.”

கழுவித் துடைத்து, மேடையில் வைத்து, அதன் முன்னால் விருந்துக்கு உட்காருகிற மாதிரி நின்றார். நடுவில் பச்சை அரிசியைக் கொட்டினார். வெந்தால் எவ்வளவு உயரும் என்று தலையைச் சாய்த்துப் பார்த்து, கொஞ்சம் எடுத்தார், கொஞ்சம் சேர்த்தார். அரிசியைச் சுற்றி வெங்காயம், அதைச் சுற்றித் தக்காளி. கோழித் துண்டுகளை நாலு பக்கமும் பங்கு வைத்தார். “இங்கிட்டு நானு. இங்கிட்டு ராத்தா, அவங்களுக்கு நெஞ்செலும்பு” என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தது கேமராவில் பதிவாகியிருக்கும். அதிகாரி அம்மா தராசைக் காட்டி, அதிலும் நிறுத்துக் காட்டச் சொன்னார். நிறுத்தார். சமையலுக்கு முன்பே ஒரு விருந்தைப் பச்சையாகப் பரிமாறிப் பார்த்துவிட்டு, அதை அப்படியே அள்ளிக் கொண்டுபோய்ச் சமைத்தவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கை ஓட ஆரம்பித்துவிட்டது. வெங்காயம் பொன்னிறத்துக்கு வந்தது. பழக்கதோஷத்தில் உப்பைக் கைநிறைய அள்ளிப் பின்னால் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், முன்னால் வந்து, அள்ளியதைத் திரும்பக் கொட்டிவிட்டு, மூன்று விரலால் எடுத்துக்கொண்டிருந்தார். அரிசி போட்டு மூடியாயிற்று. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் பொட்டலத்தில் கை வைத்தேன்.

அதிகாரி அம்மா கையில் ஊசி மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். சூடு பார்க்கிற கருவியாம்.

“ஐயா, மூடியத் தொறங்க. உள்ள சூடு பாக்கணும்.”

“இன்னும் நேரம் இருக்கும்மா.”

“கறி வெந்திருக்கான்னு நான் இப்பப் பாத்து எழுதணும். எல்லாருக்கும் அதே ரூல்தான்.”

பண்டாரி கரண்டியைக் கீழே வைத்தார். துண்டை உதறினார்.  இந்த இரண்டுக்கும் அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. விரட்டிப் பிடிக்க என்னிடம் மோட்டார் சைக்கிளும் இல்லை. பரீட்சை நடுவில் எழுந்து போனால் அடுத்தது எப்போது வைப்பார்களோ, அதற்குள் கல்லூரி திறந்துவிடும்.

துண்டை வலது தோளில் போடப் போனவருக்குக் கை பாதியில் நின்றது. முகம் சுளித்தது. அப்படியே நின்று அந்தக் கையையே பார்த்தார். பிறகு துண்டை இடது தோளில் போட்டுக்கொண்டார். வாசல் பக்கம் திரும்பினார். வாசலுக்குப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

“நான் பாக்கல. நீங்க தொறந்துக்கங்கம்மா. வெரசா மூடிருங்க. கூச்சப்படுவாரு.”

“யாரு?”

“மாப்பிள்ளை.”

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊசியைச் செருகிப் பார்த்தார், எழுதிக்கொண்டார். ஆனால் மூடியை மட்டும் சத்தமே வராமல் மெதுவாக வைத்தார். ஏன் அப்படி வைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. எனக்கு மனதுக்குள் அவரை அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சுவரைப் பார்த்து நின்ற மனுஷரையும்தான்.

இறக்கியதும், பண்டாரி சகனில் பரிமாறி அதிகாரி அம்மாவை உட்காரச் சொன்னார். நின்றபடி ஒரு கரண்டி மட்டும்தான் ருசி பார்க்கலாம் என்று அவருக்கும் ஒரு சட்டம் இருந்தது. ஒரு கரண்டி எடுத்தார். கொஞ்சம் யோசித்து, சட்டத்தில் இன்னொரு கரண்டிக்கும் இடமிருப்பதைக் கண்டுபிடித்தார். பிறகு கேமராக்காரர், பரோட்டா மாஸ்டர், நான், பண்டாரி என்று நாலு பேர் சுற்றி உட்கார்ந்தோம். நெஞ்செலும்பு எனக்கு வந்தது. ஒரு பருக்கை மிஞ்சவில்லை, ஒரு வாய் குறையவில்லை. என் புளிச்சோற்றை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன்.

முடிவு போனில்தான் வந்தது. ஜமீலா வாசித்தாள். பாஸ் என்றதும் அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நாளாக அடக்கி வைத்திருந்தாளோ, ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், கொடியில் கிடந்த துணி ஆடியிருக்கும். பண்டாரி மட்டும், “கேஸ் கேள்வியில மார்க்கக் கொறச்சிருப்பாங்க” என்றார். சான்றிதழ் கைக்கு வந்ததும் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

“என்னா பண்டாரி தேடுறீங்க?”

“எம் பேரு இருக்கு, தொப்பிக்கு மேல தொப்பியோட போட்டோ இருக்கு. மாப்பிள்ளையப் பத்தி ஒரு வார்த்த இல்லையே ராத்தா.”

விடுதியில் சேர்ந்த அன்று, “எத்தன புள்ளைங்கம்மா?” என்று கேட்டிருக்கிறார். நானூறு பேர் என்று வார்டன் அம்மா சொன்னதும், “நூறு சகன்” என்று சொல்லிக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றாராம். தாகத்தில் கிடந்தவர் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது என்று ஜமீலா சொன்னாள். இப்போது கிண்டுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். தோள் கொஞ்சம் தேவலை. பச்சைக் கறிக்கு ஒரு பலகை, காய்கறிக்கு ஒரு பலகை என்று நிறம் பூசி மாட்டியிருக்கிறாராம். மாற்றி எடுத்தவர்கள் பலகையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தவர் என்னைப் பார்க்க வந்தார். நான் உடம்புக்கு முடியாமல் கட்டிலில் கிடந்தேன்.

“டீ போட்டுத் தாரேன் ராத்தா, படுங்க.”

“வேணாம் பண்டாரி. குண்டா பரண் மேல கெடக்கு, எடுக்க ஆளில்ல.”

அவர் காதில் வாங்காமல் அடுப்படிக்குள் போனார். நான் தெருவை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சகனில் வைத்து நாலு டம்ளர் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

“நான் ஒருத்திதானே இருக்கேன்.”

“ஒரு சகனுக்குக் கீழ எனக்கு எறங்க மாட்டேங்குது ராத்தா” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று துண்டை இடது தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஆறுவதற்குள் நாலையும் நானே குடித்தேன்.